மெமரி கார்டில் ஏற்றியது எங்கே போனது?



இன்று நமது லயங்களில் கைப்போன் இல்லாத காம்பரா இல்லை என்றே சொல்லலாம். பிள்ளையின் முதல் பிறந்தநாள், கோயில் தேர், வெளிநாட்டிலிருந்து அம்மா அனுப்பிய குரல் என்று எல்லாமே அந்தப் போனுக்குள்தான் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி பி கார்ட், பிள்ளையின் கிளினிக் புத்தகம் ஆகியவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளும்படி நாங்கள் கூட்டங்களில் சொல்லி வருகிறோம். போன் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் மெமரி கார்டுல ஏத்தி வச்சிருக்கோம் சேர்" என்று பலரும் சொல்கிறார்கள். அந்தக் கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்த்தால் பாதி இருக்கும், பாதி இருக்காது. சிலருடைய கார்டில் ஒன்றுமே இருக்காது.

போனில் இருப்பதை இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வைப்பதைத்தான் பேக்கப் என்கிறார்கள். அது ஏன் தவறிப் போகிறது, தவறினால் என்ன செய்யலாம் என்பதே இந்தப் பாடம். போன் திரையில் வரும் சொற்களை உச்சரிப்பது போலவே எழுதியிருக்கிறோம். உங்கள் போன் தமிழில் இருந்தால் பெயர் கொஞ்சம் மாறி இருக்கும். படிக்கிற பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஆட்களோடு சேர்ந்து வீட்டில் இருந்த பேப்பர்களும் போய்விடுகின்றன. லயத்தில் தீப்பிடித்தாலும் இதே கதைதான். படம் ஒரு சான்றிதழ் ஆகாது, அது உண்மை. ஆனால் பிறப்புச் சான்றிதழின் பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுப்பது லேசு. தெரியாவிட்டால் பழைய பதிவேடுகளைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், அலைச்சலும் காசும் கூட. தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய காரியம். ஆகவே இலக்கம் தெளிவாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கையில் இருப்பது பேருதவி.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கார்டில் ஏற்றியது காணவில்லை என்று தெரிந்தவுடன் நம் ஆட்கள் செய்கிற வேலை, கண்ட கண்ட பட்டனை அழுத்துவது. "ஃபோர்மெட்" பண்ணவா என்று போன் கேட்கும். சரி என்று அழுத்தி விடுகிறார்கள். ஃபோர்மெட் என்றால் கார்டைத் துடைத்துப் புதிதாக்குவது. தேடிக்கொண்டிருந்தது அதோடு சேர்ந்து போய்விடும்.

ஆகவே அந்தக் கேள்விக்கு "கென்சல்" கொடுங்கள். அந்தக் கார்டில் புதிதாக ஒரு படமும் எடுக்காதீர்கள், ஒரு பாட்டும் ஏற்றாதீர்கள். அழிந்ததாகத் தெரியும் படம் பல நேரங்களில் கார்டுக்குள்ளேயே இருக்கும். அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரைக்கும் மீட்க வழி உண்டு. எழுதிவிட்டால் இல்லை. போனில் மூல படம் இன்னும் இருந்தால் அதையும் அழிக்காமல் அப்படியே விடுங்கள்.

ஏற்றியது உண்மையிலேயே கார்டுக்குத்தான் போனதா?

எங்களிடம் கொண்டுவரப்பட்ட கார்டுகளில், பழுதானவற்றை விட, ஒருமுறைகூட சரியாக ஏற்றப்படாதவையே அதிகம். இதற்குப் பெரிய காரணம் "கேலரி". கேலரியைத் திறந்தால் போனுக்குள் உள்ள படமும் கார்டில் உள்ள படமும் ஒன்றாகக் கலந்து தெரியும். எது எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. அதைப் பார்த்து எல்லாம் கார்டில் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள்.

சரியாகப் பார்ப்பதற்கு "ஃபைல்ஸ்" அல்லது "மை ஃபைல்ஸ்" என்பதைத் திறவுங்கள். அங்கே "இன்டர்னல் ஸ்டோரேஜ்" என்றும் "எஸ்டி கார்ட்" என்றும் இரண்டு தனித்தனியாக இருக்கும். முன்னது போனின் வயிறு, பின்னது கார்ட். எஸ்டி கார்டுக்குள் போய்ப் பார்த்து, அங்கே இருப்பது மட்டுமே கார்டில் இருப்பது.

கமரா செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ்: எஸ்டி கார்ட்" என்று மாற்றினால் அன்றிலிருந்து எடுக்கும் படம்தான் கார்டுக்குப் போகும். அதற்கு முன் எடுத்தவை போனிலேயே கிடக்கும். அவற்றை நாமே கொப்பி பண்ண வேண்டும். இன்னொன்று, கார்டை ஒருநாள் கழற்றி மாட்டினால் பல போன்களில் கமரா தானாகவே பழையபடி போனுக்குள் சேமிக்க ஆரம்பித்துவிடும். நம்மிடம் சொல்லாது.

வட்ஸ்அப் விடயம் தனி. தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளைக்கு அம்மா என்றால் வட்ஸ்அப்பில் வரும் குரல்தான். "சாப்பிட்டியா சாமி" என்று கேட்ட அந்தக் குரல் போனோடு போய்விட்டதென்று அழுத பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம். வட்ஸ்அப் தன்னுடைய பேக்கப்பைத் தினமும் அதிகாலை 2 மணிக்குச் செய்கிறது. ஆனால் அதை வைப்பது போனுக்குள்தான், கார்டில் அல்ல. போன் செத்தால் அந்தப் பேக்கப்பும் சாகும்.

ஆகவே அதை நாமே எடுத்துக் கார்டில் வைக்க வேண்டும். ஃபைல்ஸ், இன்டர்னல் ஸ்டோரேஜ், அதில் "அன்ட்ரொயிட்", அதில் "மீடியா", அதில் "கொம் டொட் வட்ஸ்அப்", அதற்குள் "வட்ஸ்அப்", அதற்குள் மீண்டும் "மீடியா". பழைய போன்களில் இன்டர்னல் ஸ்டோரேஜைத் திறந்தவுடனேயே "வட்ஸ்அப்" ஃபோல்டர் தெரியும். அங்கே "வொய்ஸ் நோட்ஸ்" என்ற ஃபோல்டரில் எல்லாக் குரல்களும் இருக்கும், ஆண்டும் வார இலக்கமும் சேர்ந்த பெயர்களில் பிரிந்து கிடக்கும். யாருடைய குரல் என்று பெயர் இருக்காது, திகதி மட்டுமே இருக்கும். வேண்டியவற்றைத் தேடி எடுத்து, "அம்மா தீபாவளி 2023" என்பது போல் பெயர் மாற்றிக் கார்டில் வைத்தால் பிற்காலத்தில் தேடி அலைய வேண்டாம்.

எழுத்தில் வந்த செய்திகளின் பேக்கப் "டேட்டாபேசஸ்" என்ற ஃபோல்டரில் இருக்கிறது. அதைக் கார்டில் வைத்தாலும் அதே இலக்கமுள்ள சிம்முக்கு வரும் குறியீட்டைக் கொடுத்துத்தான் திரும்பத் திறக்கலாம். ரீலோட் போடாமல் சிம்மைச் சாகவிட்டவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். கூகுள் கணக்கிலும் வைக்கலாம். ஆனால் 2024 முதல் அது இலவச 15 ஜீபி இடத்துக்குள் கணக்கெடுக்கப்படுகிறது, டேட்டாவும் செலவாகும்.

செக்ரோலில் பெயர் இருக்கும், ஆள் மலையில் இருக்காது

சில கார்டுகளில் படங்களின் பெயர் வரிசையாகத் தெரியும். தொட்டால் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் வரும், படம் வராது. இப்படி இருந்தால் அது பெரும்பாலும் போலிக் கார்ட்.

டவுனில், திருவிழாக் கடைகளில், பஸ் நிலையத்துப் பக்கத்தில் "512 ஜீபி" என்று அடித்து மிக மலிவாக விற்கிறார்கள். உள்ளே இருப்பது 8 ஜீபியாகவோ 16 ஜீபியாகவோ இருக்கும். கார்டுக்குள்ளே ஒரு பொய்க் கணக்கு எழுதி வைத்திருப்பதால் போனும் 512 என்றே நம்பும். 20 கிலோ பிடிக்கும் சாக்கில் 200 கிலோ என்று எழுதி ஒட்டியது போலத்தான். முதலில் ஏற்றுகிற 8 ஜீபியும் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு ஏற்றுவதெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். போன் "கொப்பி முடிந்தது" என்றுதான் சொல்லும். இதில்தான் ஆபத்து இருக்கிறது. உடனே பிழை காட்டினால் கடைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஐந்தாறு மாதம் கழித்துத் தெரியும்போது கடைக்காரரும் அங்கே இருப்பதில்லை.

புதுக் கார்ட் வாங்கினால் அன்றே சோதித்துவிடுங்கள். பெரிய வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்பக் கொப்பி செய்து கார்ட் நிரம்பும் வரை ஏற்றுங்கள். பிறகு போனை நிறுத்தி மறுபடி போட்டு, முதலில் ஏற்றியது, நடுவில் ஏற்றியது, கடைசியில் ஏற்றியது மூன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாம் ஓடினால் கார்டை நம்பலாம். சோதனை வீடியோக்களை அழித்துவிட்டுப் பாவிக்கலாம். கம்பியூட்டர் உள்ள கொமியூனிகேஷன் கடையில் "எச்2டெஸ்ட்டபிள்யூ" என்ற இலவச புரோகிராமால் இதையே செய்து தருவார்கள். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் எடுக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

அதேநேரம் 64 ஜீபி கார்ட் வாங்கி, போனில் 59 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கார்ட் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், போன்கள் பல 1024, 1024 ஆகக் கணக்கிடுகின்றன. குறைவது அதனால்தான்.

ஒரே போனுக்குத் தாலி கட்டிய கார்ட்

2015இல் வந்த அன்ட்ரொயிட் 6 தொடக்கம் சில போன்கள் புதுக் கார்டைப் போட்டவுடன் ஒரு கேள்வி கேட்கும். கார்டைக் கழற்றி மாற்றக்கூடியதாக வைக்கவா, அல்லது போனின் சொந்த ஸ்டோரேஜாகச் சேர்த்துக்கொள்ளவா என்று. போனில் இடம் கூடும் என்ற ஆசையில் இரண்டாவதைத் தெரிவு செய்கிறார்கள். செய்தவுடன் போன் அந்தக் கார்டைத் துடைத்து, தன்னிடம் மட்டும் இருக்கும் ஒரு சாவியால் பூட்டி எழுத ஆரம்பிக்கிறது. பிறகு அந்தக் கார்டை வேறு எந்தப் போனில் போட்டாலும், கம்பியூட்டரில் போட்டாலும், "பழுதான கார்ட், ஃபோர்மெட் பண்ணவா" என்றே வரும். கார்ட் பழுதில்லை. பூட்டியிருக்கிறது, சாவி பழைய போனில்.

பழைய போன் உயிரோடு இருந்தால் கார்டை அதிலேயே போட்டு, அங்கிருந்து வேறொரு கார்டுக்குக் கொப்பி எடுக்கலாம். திரை மட்டும் உடைந்த போன் என்றால் திரையை மாற்றும் செலவு வீண் போகாது. ஆனால் பழைய போனை "ரீசெட்" பண்ணி விற்றுவிட்டால் அதோடு சரி, யாராலும் திறக்க முடியாது. "திறந்து தாறேன், ஐயாயிரம் குடுங்க" என்று ஒருவர் சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள்.

பேக்கப்புக்காக வாங்கும் கார்டுக்கு எப்போதும் முதலாவதையே, அதாவது கழற்றக்கூடிய வகையையே தெரிவு செய்யுங்கள்.

கல்யாண வீடியோ மட்டும் ஏன் ஏறவில்லை?

படங்கள் எல்லாம் ஏறுகின்றன, இடமும் நிறைய இருக்கிறது, ஆனால் பெரிய வீடியோ ஒன்று மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்டூடியோவில் கொடுத்த கல்யாண வீடியோவில் இதை அடிக்கடி பார்க்கிறோம். 32 ஜீபியும் அதற்குக் குறைந்ததுமான கார்டுகள் பெரும்பாலும் "ஃபெட் 32" என்ற முறையில் வருகின்றன. அந்த முறையில் 4 ஜீபிக்கு மேற்பட்ட தனி ஃபைல் ஒன்றை எழுதவே முடியாது. கார்ட் காலியாகவே இருந்தாலும் முடியாது. ஸ்டூடியோக்காரரிடமே வீடியோவை இரண்டு மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அல்லது 64 ஜீபி கார்ட் வாங்குங்கள். அவை வேறு முறையில் வருவதால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. வாங்கும் முன் உங்கள் போன் அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும், பழைய போன்கள் சில 32க்கு மேல் ஏற்காது.

மற்றச் சின்னச் சின்னக் காரணங்கள்

இரண்டு சிம் போடும் போன்களில் பலவற்றுக்கு இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே பள்ளம்தான். சிம்மைப் போட்டபோது வீட்டில் யாரோ கார்டைக் கழற்றி வைத்திருப்பார்கள், அது அலுமாரி லாச்சியில் கிடக்கும். கார்டையே காணோம் என்று போன் சொன்னால் முதலில் அதைத் தேடுங்கள்.

நமது மலைநாட்டு ஈரமும் ஒரு காரணம். மழையில் கொழுந்து எடுக்கும்போது படங்குக்குள் செருகி வைத்த போனுக்கு வேர்வையும் தண்ணீரும் போகாமல் இருக்குமா? கார்டின் பின்பக்கத்து மஞ்சள் பட்டைகளில் அழுக்குப் பிடித்தால் போன் கார்டை ஒருநேரம் காணும், ஒருநேரம் காணாது. போனை நிறுத்தி, கார்டை எடுத்து, காய்ந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்துப் போடுங்கள். எச்சில் தொட்டுத் துடைப்பது, ஊதுவது, அடுப்புக்குப் பக்கத்தில் காயவைப்பது வேண்டாம்.

கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் தீர்ந்தாலோ கார்டை இழுத்தாலோ எழுதியது அரைகுறையாகும். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள். கழற்றும் முன் செட்டிங்ஸில் "அன்மவுன்ட்" கொடுங்கள். "மூவ்" என்பதைத் தொடவே வேண்டாம், "கொப்பி" மட்டும். மூவ் என்றால் போனில் உள்ளதை எடுத்துக் கார்டுக்குக் கொண்டுபோவது, வழியில் தடுக்கி விழுந்தால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம்.

கம்பியூட்டரில் மட்டும் எழுத முடியவில்லை என்றால், கார்டைச் செருகும் பெரிய உறையின் பக்கத்தில் உள்ள சின்னப் பூட்டுக் கட்டை கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், மேலே தள்ளினால் சரி. ஆனால் அழித்த படம் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தால், ஃபோர்மெட் பண்ணியும் பழையதே தெரிந்தால், அந்தக் கார்டின் ஆயுள் முடிந்தது. கடைசியாக வாசிக்க மட்டும் விட்டு, எழுத மறுக்கிறது. இருப்பதை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட வேண்டும்.

கடைக்குக் கொடுக்கும்போது

அழிந்த படங்களை "ஃபோட்டோரெக்" என்ற இலவச புரோகிராமால் பல நேரம் மீட்கலாம். மீட்பதை அதே கார்டில் எழுதக்கூடாது, கம்பியூட்டரிலோ வேறு கார்டிலோ எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். வீட்டுப் பெண் பிள்ளைகளின் படமும் அடையாள அட்டையின் படமும் உள்ள கார்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வேலை முடியும் வரை பக்கத்தில் இருங்கள். கம்பியூட்டரில் மீட்டதை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். "பழக்கமான பையன்தானே" என்பது இதற்குப் பதில் ஆகாது. பாட்டு ஏற்றக் கொடுக்கும் கார்டும் இதே கார்டாக இருக்கக்கூடாது. இடம் போதவில்லையென்று கடைக்காரர் உள்ளதைத் துடைத்துவிட்டுப் பாட்டு ஏற்றிக் கொடுத்த சம்பவங்கள் உண்டு. பாட்டுக்கு ஒரு கார்ட், பத்திரங்களுக்கு ஒரு கார்ட் என்று வையுங்கள். தீபாவளி முற்பணத்தில் இதற்கென்று கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.

திறந்து பார்த்த பிறகே அழிக்கலாம்

ஏற்றி முடிந்ததும் கார்டைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் போனில் போடுங்கள். நான்கைந்து படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சான்றிதழின் இலக்கம் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள், குரலை ஓடவிட்டுக் கேளுங்கள். இதைச் செய்யாத வரைக்கும் போனில் உள்ள ஒன்றையும் அழிக்காதீர்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்திருந்தால் மேலே சொன்ன எல்லாப் பிழைகளும் போன் கையில் இருக்கும்போதே தெரிந்திருக்கும்.

கார்டும் நெடுநாள் சும்மா கிடந்தால் உள்ளதை மறக்கத் தொடங்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டைத் துப்புரவு செய்யும்போது அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முடிந்தவர்கள் இரண்டு கார்டில் எடுத்து, ஒன்றை வேறு தோட்டத்திலோ டவுனிலோ இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரே லயத்தில் இரண்டு கார்டும் இருந்தால் மண்ணும் நெருப்பும் இரண்டையும் சேர்த்தே கொண்டு போகும். மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு, வெளியே பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது வரும் போன்கள் சிலவற்றில் கார்ட் போடும் பள்ளமே இல்லை. அவற்றுக்குச் சார்ஜர் குத்தும் வாயில் செருகும் கார்ட் ரீடர் கிடைக்கிறது. வாங்கப் போகும்போது போனையும் கையோடு கொண்டுபோய், அது வாயில் பொருந்துகிறதா, கார்டைக் காட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.